வளையம் கிள்ளானுக்குப் போன சனிக்கிழமை

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வானொலியில் கச்சேரி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டவர்களே, உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் மேடை ஏறியவள்தான். ஒன்பது வயதில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே திடலில், ஒரு வெள்ளைக்காரத் துரைக்கும் சுமார் இருநூறு பேருக்கும் முன்னால். என் வாத்தியம் சுருதிப் பெட்டி. துருத்தியை இழுத்து விட்டால் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கும் மரப்பெட்டி அது. திறமை தேவைப்படாத வாத்தியம் என்பதால்தான் என்னிடம் கொடுத்தார்கள். அதையும் நான் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். என் கலை வாழ்க்கை அன்று தொடங்கி அன்றே முடிந்தது. கலைக்கு நட்டமில்லை.

சண்டைக்கு முந்தின காலம். ஜப்பான்காரனைப் பற்றி யாரும் பேசத் தொடங்காத காலம். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். செங்கல் சுவர், புகையில் கருத்துப்போன சிங்க் தகரக் கூரை, வாசலில் தண்டவாளம். அம்மா வெள்ளைத் துணி துவைத்துப் போட்டால் மாலையில் சாம்பல் நிறத் துணியை எடுப்பாள். நிலக்கரிப் புகை, தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசும் தாரெண்ணெய், செங்கல் சூளையின் ஈரமண் ஆகிய மூன்றும் சேர்ந்த வாசனைதான் எனக்கு இன்றுவரை பள்ளி விடுமுறையின் வாசனை. மல்லிகைப்பூவைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

அப்பா உதவி ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த மற்ற கிராணிமார் எல்லாம் சாயந்திரம் சீட்டாடப் போவார்கள். அப்பா ரயில்வே விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார். ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்ததை எதற்குத் திரும்பப் படிக்கிறார் என்று நான் கேட்டதுண்டு. "மாத்தி அச்சடிச்சிருப்பாங்கள்" என்றார். அவர் ஸ்டேஷனில் இருந்த பதினொரு வருஷத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை என்பது குவார்ட்டர்ஸில் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை.

அந்த வருஷம் போக்குவரத்துத் துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பப் போகிறார் என்று தெரிந்தது. பிரிவு உபசாரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளித் தட்டும் வேண்டாம், விருந்தும் வேண்டாம் என்றாராம். இத்தனை வருஷமாக ஒவ்வொரு குவார்ட்டர்ஸையும் தாண்டி நடக்கும்போது ஒவ்வொரு சங்கீதம் காதில் விழுகிறது. நின்று கேட்டால் வீட்டுக்காரர் பயந்து நிறுத்திவிடுகிறார். ஒரு நாள் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றாராம். நியாயமான ஆசைதான். அதை நடத்திக்கொடுக்கும் பொறுப்பை, சங்கீதம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்க, அப்பாவிடம் கொடுத்தார்கள். காரணம் எளிது. அப்பாவின் பகுதியில் வண்டி தாமதமானதில்லை.

அப்பா அதை வண்டி விடுவதாகவே எடுத்துக்கொண்டார்.

மேடைக்கு மூங்கில் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திடலை ஒட்டி ஓடும் பக்கத் தண்டவாளத்தில் சரக்கு ஏற்றும் தட்டை வேகன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவரோ கூரையோ இல்லாத வெறும் பலகைத் தளம். பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஏறுவதற்குத் தண்டவாளக் கட்டைகளை அடுக்கிப் படி வைத்தார்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை யார் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு ஏறி எப்போது இறங்க வேண்டும் என்று கோடு போட்டு ஒரு அட்டவணை எழுதி, திடலின் ஆலமரத்தில் ஆணியடித்து மாட்டினார். அதில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் '2.00 புறப்பாடு, 2.22 வந்து சேர்வு' என்று இருந்தது.

வளையத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு இருந்தது, நினைவிருக்கும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட பாதைக்கு ஒரே ஒரு டோக்கன். முறம் அளவு பிரம்பு வளையம், அதில் தோல் பை, பைக்குள் பித்தளை வில்லை. அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து டிரைவர் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கவே நாங்கள் வேலியில் தொங்குவோம். அப்பா, கழித்துப் போட்ட பழைய வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குள் ஒரு மரவில்லையைப் போட்டு, இதுதான் மேடை டோக்கன் என்றார். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே வேகனில் ஏறலாம். இறங்கியதும் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அப்பா அடுத்தவரிடம் கொடுப்பார். இரண்டு பாட்டு மோதிக்கொள்ள வழியே இல்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளின் கல்யாணக் கச்சேரிகளில் ஒலிபெருக்கிக்காரனும் நாதஸ்வரக்காரரும் மோதிக்கொண்டதைக் கேட்டவர்கள் நீங்கள்.

அட்டவணையில் மூன்றரை மணிக்கு நேராக எழுதியிருந்தது அக்காவின் பிடில். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கிள்ளான் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர். நல்ல இடம்தான். ஆனால் அவருக்கு மாதத்தில் பாதி நாள் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தாயார் சுவரில் தொங்கிய பிடிலைப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்.

"உதை இங்கையே வைச்சிட்டு வரட்டும், என்ன? பிள்ளை பகல்லை நித்திரை கொள்ளுற ஆள்."

அதில் வில்லத்தனம் எதுவும் இல்லை. தூங்குகிற மனுஷன் தூங்கத்தானே வேண்டும்? எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவும் தலையாட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துரையின்ரை கச்சேரியிலை என்னையும் ஒருக்கா விடுங்கோ அப்பா. தொடங்கினதை ஒருக்காவெண்டாலும் ஆக்களுக்கு முன்னாலை முடிக்கோணும்."

எங்கள் வீட்டில் எந்தப் பாட்டும் முடிந்ததில்லை. அவள் வில்லை எடுத்தால் துறைமுகத்துக்குப் போகும் போர்ட் வண்டி கடக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும், நிறுத்துவாள். திரும்ப எடுத்தால் அம்மா அழைப்பாள். அதற்கும் மேல் எடுத்தால் ஸ்டேஷன் மணி அடிக்கும். அப்பா தொப்பியைத் தேடி வீடு முழுவதும் சத்தம் போடுவார். ஏழு வருஷமாகப் பிடில் கற்ற ஒருத்தி ஒரு கீர்த்தனையைக்கூட ஒருவர் காதிலும் முழுதாகப் போட்டதில்லை. அப்பா யோசித்துவிட்டு, "பன்னிரண்டு நிமிஷம் காணுமோ?" என்று கேட்டார். அவர் அகராதியில் அது ஆசீர்வாதம்.

அந்தச் சனிக்கிழமை அலுவலகங்கள் ஒரு மணிக்கு மூடின. இரண்டு மணிக்குத் திடல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் துரை, பிரம்பு நாற்காலியில். இரண்டாம் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார்: தாயாரும் ஒரு மாமாவும். மாப்பிள்ளை வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் கோயில் நாதஸ்வரம். அப்பா விதிப்படி பச்சைக் கொடியைக் காட்டினார். வித்துவான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். இருபத்திரண்டாம் நிமிஷம் சிவப்புக் கொடி காட்டப்பட்டது. வித்துவான் கண்ணை மூடியிருந்தார். அப்பா கொடியை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினார். தவில்காரர் பார்த்துவிட்டு, இன்னும் உற்சாகமாக அடித்தார். மங்களம் பாடாமல் நடுவில் நிறுத்தினால் ஊருக்கு ஆகாது என்று கோயில் தலைவர் வந்து அப்பாவின் காதில் சொல்ல வேண்டியிருந்தது. அட்டவணையில் 'ஒன்பது நிமிஷம் தாமதம்' என்று அப்பா பென்சிலால் குறித்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

அடுத்து, ஸ்டேஷனில் காப்பிக் கடை வைத்திருந்த ஹைனான்காரச் சீனர். காப்பிக்கு வெண்ணெய் போட்டுக் கொட்டை வறுக்கும் அவரை எங்களுக்குப் பனியனும் அரைக்கால் சட்டையுமாகத்தான் தெரியும். அன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, இரண்டே கம்பி உள்ள ஒரு சின்ன வாத்தியத்தைத் தொடையில் நிறுத்தி வாசித்தார். வில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டியிருந்தது, எடுக்கவே முடியாது. பாம்புத் தோல் போர்த்திய குடுவையிலிருந்து, பக்கத்து வீட்டில் யாரோ அழுகையை அடக்குவது போல ஒரு சத்தம் வந்தது. நான் சிரித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளிவிட்டு, "கையைப் பார். எங்கை எங்கை நிறுத்துறார், பார்" என்றாள். சீனர் சரியாக நேரத்துக்கு இறங்கி, வளையத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அப்பாவுக்கு அவரை அன்றிலிருந்து மிகவும் பிடித்துவிட்டது.

மூன்றாவது, சரக்குக் கொட்டகையைக் காவல் காக்கும் பஞ்சாபி ஜாகா. ஆறடி மனுஷர், ஆர்மோனியத்தைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு, சீனர் இறங்கும் முன்பே வேகனில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்பா கத்திய கத்தலில் துரையே திரும்பிப் பார்த்தார்.

"துருன்! துருன்! வளையம் இல்லாமல் ஒருத்தரும் ஏறக் கூடாது! ஆராயிருந்தாலும் சரி!"

இறங்கு என்று மலாயில் தொடங்கித் தமிழில் முடிந்த அந்தக் கட்டளையைக் கேட்டு ஜாகா இறங்கி, வளையம் வரும்வரை வெயிலில் நின்றார். பிறகு ஏறி, கண் கலங்க கடவுள் பாட்டுப் பாடினார். எங்களுக்குப் பொருள் தெரியவில்லை. ஆனாலும் குவார்ட்டர்ஸ் மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான்காவது கிரோஞ்சோங் என்னும் மலாய்ப் பாட்டு. கிள்ளான் பக்கத்து மலாய்க்காரர்கள் ஐந்து பேர். சின்ன கித்தார்கள், ஒரு புல்லாங்குழல், ஒரு பெரிய வயலினைக் கிள்ளிக் கிள்ளி வாசிப்பவர். பாடியவர் எஞ்சின் டிரைவர். மூன்று ஐம்பதுக்குக் கிள்ளான் வண்டியை எடுக்க வேண்டியவர் என்பதால், பாடி முடித்து நேரே வேலைக்குப் போகத் தோதாக அப்பாவே யோசித்து அந்த இடத்தைக் கொடுத்திருந்தார். கிரோஞ்சோங் கேட்டவர்களுக்குத் தெரியும். தாளம் குதித்துக்கொண்டு ஓடும், பாட்டு மட்டும் அவசரமில்லாமல் மெத்தையில் சாய்ந்துகொண்டு வரும். டிரைவரின் குரலில் கரித்தூள் இல்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் எண்ணெய்க் கறை படிந்த நகமுமாக நின்று அவர் பாடியபோது துரை காலால் தாளம் போட்டார். மாப்பிள்ளையின் மாமா, "உது நல்லாயிருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். ஒரு பாட்டு இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. அப்பா சிவப்புக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாற்பத்தைந்துக்குக் கைதட்டலோடு இறங்கினார்கள்.

அக்கா ஐந்து நிமிஷத்தில் பிடிலைச் சுருதி சேர்த்துக்கொண்டு படியருகே வந்துவிட்டாள். நான் சுருதிப் பெட்டியோடு பின்னால். பட்டுப் பாவாடை தடுக்காமலிருக்க அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லிக்காட்டுவாள்.

"வளையம் எங்கை?" என்றார் அப்பா.

யாரிடமும் இல்லை. கித்தார்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புல்லாங்குழல்காரர்தான், சாவகாசமாகத் தண்டவாளப் பக்கம் கையைக் காட்டினார்.

"அபாங் பாவா லா, தூவான். டியா சுடா ஜாலான்."

அண்ணன் கொண்டு போய்விட்டார், கிளம்பிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மூன்று ஐம்பது வண்டி ஸ்டேஷனை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சினின் படியில் நின்று டிரைவர் திடலைப் பார்த்துக் கையசைத்தார். தோளில் ஒரு வளையம். கையில் இன்னொரு வளையம். இருபது வருஷமாக, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எஞ்சினில் ஏறிய உடம்பு அது. மேடையில் கொடுத்த வளையத்தைத் தோளில் மாட்டியதும் கால் தானாக எஞ்சினைத் தேடிப் போய்விட்டது. யாரைக் குறை சொல்வது?

அப்பா தந்தி அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நடந்து வந்தார். அதிலேயே பதில் தெரிந்தது. வளையம் கிள்ளானில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்ப ஐந்து மணி கடந்துவிடும். டாமன்சாராப் பக்கத்து வானம் அதற்குள் ஈயப் பாத்திர நிறத்துக்கு வந்திருந்தது. கோலாலம்பூரில் நாலு மணிக்கு மழை வரும். அதற்கு அட்டவணை தேவையில்லை.

"உது விளையாட்டு வளையம்தானே, ஐசே. பிள்ளையை ஏத்தி விடும்" என்றார் தலைமைக் கிராணி.

"ஏலாது."

"என்ன ஏலாது? உள்ளுக்கை கிடக்கிறது மரத்துண்டு!"

"இருநூறு பேருக்கு முன்னாலை அந்தப் பஞ்சாபி மனிசனை இறக்கி வெய்யில்லை நிக்க வைச்சனான். ஆராயிருந்தாலும் எண்டு சொன்னனான். இப்ப என்ரை மகளெண்டவுடனை விதி இல்லையெண்டு சொல்லவோ?"

அம்மா கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "பிள்ளையின்ரை முகத்தை ஒருக்காப் பாருங்கோ" என்றாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா வில்லின் திருகாணியைத் தளர்த்தத் தொடங்கினாள். இரண்டாம் வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் கண்டிப்பைப் பற்றிப் பிற்காலத்தில் நான் பலவிதமாக நினைத்திருக்கிறேன். பிடிவாதம் என்று பதினெட்டு வயதில். கோழைத்தனம் என்று முப்பதில். இப்போது தோன்றுவது வேறு. வேறு யாருடைய பெண்ணாக இருந்திருந்தால் அவர் விட்டிருப்பார். சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது களவு என்று ஒரு எண்ணம் அந்தத் தலைமுறைக் கிராணிமாருக்கு இருந்தது. வீட்டுக்கு வெளியே அதற்கு நேர்மை என்று பெயர்.

அட்டவணையில் கடைசியாக இருந்தது தண்டவாளப் பராமரிப்பு ஆட்களின் தப்பு மேளம். எட்டு பேர். கொட்டகை ஓரத்தில் காய்ந்த லாலான் புல்லைக் கொளுத்தி, தப்பின் தோலைச் சூடு காட்டிக்கொண்டு இரண்டு மணியிலிருந்து காத்திருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி எழுந்து வந்தார். தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்."

"அன்னிக்கு வெள்ளம் வந்து டோக்கன் பெட்டி கெட்டுப்போச்சுல்ல? அப்ப வண்டி ஓடாமலா இருந்துச்சு? நீங்கதானே கையில செவப்புத் துணியக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு வண்டியிலயும் ஏறி அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் போயிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம."

அப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புத்தகத்தை மனப்பாடமாக அறிந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடமிருந்து அதில் ஒரு பக்கத்தைக் கேட்டுக்கொண்ட பார்வை.

"பைலட்மேன்" என்றார்.

"அதாங்கய்யா. அந்தாளு."

டோக்கன் இல்லாமல் போனால் ஒரு மனிதனையே டோக்கனாக நியமிக்கலாம் என்பது விதி. கையில் சிவப்புப் பட்டை கட்டிய அந்த ஆள் ஏறியிருக்கும் வண்டி மட்டும் அந்தப் பாதையில் போகலாம். வண்டி முழுவதும் அடுத்த முனையைச் சேரும்வரை அவர் இறங்கக் கூடாது. ஒரே ஒரு மனிதன் என்பதால் இரண்டு வண்டி மோத முடியாது. மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்து நீட்டினார். அப்பா அதைக் கறுப்புக் கோட்டின் இடது கையில் கட்டிக்கொண்டார்.

உடனே ஏறினாரா? அதுதான் இல்லை. நியமனம் எழுத்தில் இருக்க வேண்டும். பாக்கெட் புத்தகத்தில் மூன்று பிரதி எழுதினார். இரண்டு முனையிலும் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். வேகனின் ஒரு முனைக்குத் தலைமைக் கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மறுமுனைக்கு அப்பா துரையிடமே போனார். துரை முழுவதையும் படித்தார், சிரிக்கவில்லை, நேரத்தையும் குறித்துக் கையெழுத்துப் போட்டார். ரயில்வே மனிதர் ரயில்வே மனிதரைப் புரிந்துகொண்டார். நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷத்தில் அக்கா, நான், அப்பா மூவரும் வேகனில் ஏறினோம்.

அக்கா சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், அப்பா நின்றார். சிவப்புத் துணியும் தொப்பியுமாக, பிளாட்பாரத்தில் நிற்பது போலவே. உட்காரச் சொன்ன அம்மாவின் சைகையை அவர் கவனிக்கவில்லை; பைலட்மேன் உட்கார விதியில் இடமில்லை போலும்.

காம்போதி. எடுப்பு நன்றாக வந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்கு வேர்த்த விரலும் துருத்தியின் கற்பூர வாசனையும்தான் ஞாபகம். பல்லவியை அவள் இரண்டாம் தடவை வாசிக்கும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. மூன்றாம் தடவையில் வானம் இறங்கிவிட்டது. நமது ஊர் மழைக்கு நிதானம் கிடையாது. பிரம்பு நாற்காலிகள் கவிழ்ந்தன. சேலைத் தலைப்புகள் தலைக்கு ஏறின. சனம் முழுவதும் சரக்குக் கொட்டகைக்கு ஓடியது. நானும் ஓடினேன். சுருதிப் பெட்டி நனையக் கூடாதே என்று ஓடியதாக நாற்பது வருஷம் சொல்லிவந்தேன். பெட்டியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கொட்டகையில் எல்லோரும் ஒன்றாக ஒடுங்கி நின்றோம். வெள்ளைக் கோட்டுச் சீனர், ஆர்மோனியத்தைத் தலைப்பாகைத் துணியால் மூடிய ஜாகா, கித்தார்க்காரர்கள், துரை, மாப்பிள்ளையின் தாயார். கதவருகே மேஸ்திரியும் அவருடைய ஆட்களும். தப்புத் தோல் ஈரத்தில் தொய்ந்துவிட்டது. ஒருவர் விரலால் தட்டிப் பார்த்தார். அட்டைப் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. அன்று அவர்களுக்கு முறை வரவே இல்லை. வழி சொன்னவர் மேஸ்திரி. துண்டு கொடுத்தவர் அவர். ஒரு அடி அடிக்காமல் வீட்டுக்குப் போனவர்களும் அவர்கள்தான். குவார்ட்டர்ஸில் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர்கள் வாசிக்கவில்லை என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அவர்களை ஏன் கடைசியில் போட்டார் என்று அப்பாவை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், சரக்கு வண்டி கடைசியில்தான் போகும் என்று சொல்லியிருப்பார். அது பதிலாகாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

சிங்க் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. அப்போதுதான் யாரோ வெளியே கையைக் காட்டினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. வில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவளுக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் முன்னால் கொட்டியது. சிவப்புத் துண்டின் சாயம் கரைந்து புறங்கையில் வழிந்தது. வண்டி பாதையில் இருக்கும்போது அவர் எப்படி இறங்குவார்?

"உந்த மனிசனுக்கு விசரோ?" என்று மாப்பிள்ளையின் மாமா என் காதருகே கத்தினார். துரை மட்டும் ஏதோ ஒப்புக்கொண்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிடிலைப் பற்றி உங்களுக்குக் கவலை வந்திருக்கும், வர வேண்டியதுதான். இரண்டு நாள் கழித்து அதன் முதுகுப் பலகை பசை விட்டு, வாய் பிளந்தாற்போல் கழன்று வந்தது. கிள்ளானுக்குக் கொண்டுபோவதா இல்லையா என்ற பேச்சு அதோடு தீர்ந்தது. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நன்றாகத் தூங்கினார். நல்ல மனுஷர், அவரைப் பற்றி ஒரு குறையும் என்னிடம் இல்லை.

கொட்டகையில் அம்மா என் கையில் குடையைத் திணித்து, "போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள். முழங்கால் வரை சிவப்புச் சேறு. வேகன் பக்கத்தில் போனபோதுதான் பிடில் காதில் விழுந்தது. நனைந்த நரம்பின் சத்தம். தொண்டை கட்டியவர் பாடுவது போல. சரணத்தில் இருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. அப்பா குனிந்து என் கையிலிருந்து குடையை வாங்கி, விரித்து, இருவர் தலைக்கும் அல்லாமல் பிடிலுக்கு நேராகப் பிடித்தார். நான் வேகனின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டியிருக்கும்.

கீர்த்தனை முடிந்தது. வில்லை எடுத்து மடியில் வைத்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று முழுதாக முடிந்திருந்தது. முழுதாகக் கேட்டவர் அப்பா ஒருவர்.

வண்டி வந்து சேர்ந்ததும், கடைசிப் பெட்டி வரை வந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் பைலட்மேன் பாதையை விட வேண்டும். அப்பா ஒரு கையில் குடையும் மறு கையில் கடிகாரமுமாகக் குனிந்து, டிரைவரிடம் கேட்பது போலவே கேட்டார்.

"முழுக்க வந்திட்டுதோ?"

அக்கா முகத்தில் வழிந்த தண்ணீரைத் தோளால் துடைத்தாள். ஸ்டேஷன் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்.

"இல்லை அப்பா. கடைசிப் பெட்டி இன்னும் வரேல்லை."

பிடிலைத் திரும்பவும் தோளில் வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டார்.

"சரி, வரட்டும்" என்றார்.